பாட்காஸ்ட் விருந்தினருக்கு நாள் குறிப்பது

கேள்வி இது: தனி ஆளாக வாரம் ஒரு நேர்காணல் பாட்காஸ்ட் நடத்துகிறீர்கள். விருந்தினர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஒருவருக்கு நேரம் குறித்து முடிப்பதற்குள் மின்னஞ்சல்கள் மலையாகக் குவிகின்றன. குறித்த பிறகும் சிலர் கடைசி நேரத்தில் வராமல் போகிறார்கள். எந்தச் செயலியை வாங்கினால் இது சரியாகும்?

எந்தச் செயலி என்பதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதன் பங்கு சிறியது. இந்தக் கடிதப் போக்குவரத்தின் பெரும்பகுதி, தொகுப்பாளர் தான் எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்காமல் விருந்தினரிடம் தள்ளிவிடுவதால் வருவது. "உங்களுக்கு எப்போது வசதி?" என்ற கேள்வியே அதற்கு நல்ல உதாரணம். கேட்பதற்குப் பணிவாக இருக்கிறது. ஆனால் விருந்தினர் தன் நாட்காட்டியைத் திறந்து, காலி நேரங்களைத் தேடி, அவற்றைத் தன் ஊர் நேரத்தில் எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் இரண்டு நாள் கழித்துப் பதில் போடும்போது அந்த நேரங்களில் பாதி போய்விட்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து.

ஆகவே முதலில் உங்கள் பக்கத்தை முடிவு செய்யுங்கள். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் ஒலிப்பதிவுக்கு? இரண்டு அரைநாள் போதும். விருந்தினர்கள் உலகம் முழுதும் இருந்தால், ஒன்றை உங்கள் காலையிலும் மற்றொன்றை உங்கள் மாலையிலும் வையுங்கள். கிழக்கே இருப்பவர்களுக்கு ஒன்று பொருந்தும், மேற்கே இருப்பவர்களுக்கு மற்றொன்று. இந்த நேரங்களை முன்பதிவுச் செயலி ஒன்றில் பதிந்தால் அது ஓர் இணைப்பைத் தரும்; அதைத் திறந்து விருந்தினரே காலி நேரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். நாட்காட்டியைச் சத்திரம் போல வாரம் முழுதும் திறந்து வைத்தால் விருந்தினருக்கு வசதி என்று பலர் நினைக்கிறார்கள். அறுபது காலி நேரங்களைப் பார்ப்பவர் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சாளரத்தை மூடிவிடுகிறார். ஆறு நேரங்களைப் பார்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்.

அடுத்தது, ஒரு பதிவுக்கு எவ்வளவு நேரம் என்பது. எபிசோடு 45 நிமிடம் என்றால் 45 நிமிடத்தை ஒதுக்குபவர்கள் உண்டு. அது போதாது. வந்தவுடன் நலம் விசாரித்து, மைக்கைச் சரிபார்த்து, எதைப் பேசப்போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். பேச்சு சூடுபிடித்தால் ஐம்பது நிமிடத்தைத் தாண்டும். முடிந்த பிறகு கோப்பு பதிவேறும் வரை காத்திருக்க வேண்டும். எனவே விருந்தினரிடம் 75 நிமிடம் கேளுங்கள். அதன்பின் உங்களுக்கென்று 30 நிமிடம் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி விருந்தினர் கண்ணில் பட வேண்டியதில்லை. முன்கூட்டியே முடிந்தால் அவருக்கு மகிழ்ச்சிதான். நேரம் மீறினால்தான் வருத்தம்.

இன்னும் மூன்று எல்லைகள் வேண்டும். குறைந்தபட்ச அவகாசம்: இன்று பார்ப்பவர் நாளைக்கே நேரம் குறித்துவிடக் கூடாது; மூன்று நாளாவது இருந்தால்தான் நீங்கள் கேள்விகளைத் தயாரிக்க முடியும். அதிகபட்ச தூரம்: நான்கு வாரத்துக்கு அப்பால் காட்ட வேண்டாம். மூன்று மாதம் தள்ளி நேரம் குறிப்பவர், அன்று என்ன வேலை வரும் என்று தெரியாமல்தான் குறிக்கிறார்; அந்தப் பதிவுகளே அதிகம் தள்ளிப்போகின்றன. ஒரு நாளைக்கு எத்தனை: இரண்டு. மூன்றாவது விருந்தினர் உங்களிடம் களைத்துப்போன கேள்விகளைத்தான் பெறுவார், அது அவருக்குச் செய்யும் அநியாயம். கேலண்ட்லி, கேல்.காம், கூகுள் காலண்டரின் சந்திப்பு அட்டவணை ஆகிய முன்பதிவுச் செயலிகள் எல்லாவற்றிலும் இத்தகைய எல்லைகளை வைக்க முடியும். வைக்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

ஒரு சிறு பொறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூகுள் காலண்டரில் "முழுநாள்" நிகழ்வாக எதையாவது எழுதி வைத்தால், அது இயல்பாக உங்களை "காலி" என்றே காட்டும். பயணம், குடும்ப விசேஷம் என்று முழுநாள் குறிப்பாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். அன்றைக்கே ஒருவர் நேரம் குறித்துவிடுவார். அந்த நிகழ்வைத் திறந்து "பிஸி" என்று மாற்றுங்கள். சொந்த நாட்காட்டியும் அலுவலக நாட்காட்டியும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் முன்பதிவுச் செயலியோடு இணையுங்கள்.

இனி அழைப்பு. முதல் கடிதத்திலேயே முன்பதிவு இணைப்பை ஒட்டி அனுப்புவது எனக்குப் பிடிக்காத பழக்கம். வருவதாக இன்னும் சொல்லாதவரிடம் "வரிசையில் நின்று சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வதாக அது சிலருக்குப் படும், குறிப்பாக மூத்தவர்களுக்கும் பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்கும். முதல் கடிதத்தின் வேலை சம்மதம் வாங்குவது மட்டும். யார் நீங்கள், எதைப் பற்றிய நிகழ்ச்சி, ஏன் இவரை, எவ்வளவு நேரம், நேரிலா இணையத்திலா, ஒலி மட்டுமா காணொளியும் உண்டா என்பதோடு அது முடிந்துவிட வேண்டும். சம்மதம் வந்த பிறகு இரண்டாவது கடிதம் இப்படி இருக்கலாம்:

"மிக்க மகிழ்ச்சி. கடலடி ஒலிகளைப் பற்றிய உங்கள் உரையில் நீங்கள் தொட்டுவிட்டுப் போன இரண்டு விஷயங்களை விரிவாகக் கேட்க ஆசை. உங்கள் ஊர் நேரப்படி 14ஆம் தேதி செவ்வாய் மாலை 5 மணி, 16ஆம் தேதி வியாழன் காலை 9 மணி, 21ஆம் தேதி செவ்வாய் மாலை 5 மணி ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று ஒத்துவருமா? ஒத்துவந்தால் ஒரு வரி எழுதுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு நேரம் வேண்டுமானால் கீழே உள்ள இணைப்பில் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். மொத்தம் 75 நிமிடம் ஆகும்."

மூன்று நேரங்களும் இணைப்பும் ஒரே கடிதத்தில் இருப்பது முக்கியம். இணைப்பை விரும்புபவர் அதைச் சொடுக்குவார். விரும்பாதவர் "வியாழன் சரி" என்று எழுதுவார். அவருக்கு உதவியாளர் இருந்தால், கடிதத்தை அப்படியே உதவியாளருக்கு அனுப்பிவிடுவார். மூன்று வகை மனிதர்களுக்கும் ஒரே கடிதம் பொருந்தும். எழுதிய மூன்று நேரங்களையும் நாட்காட்டியில் தற்காலிகமாகத் தடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் இன்னொருவர் இணைப்பு வழியாக அதைப் பிடித்துவிடுவார். நான்கு நாளில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தடையை எடுத்துவிட்டு அடுத்தவரைப் பாருங்கள்.

நேர மண்டலம் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் "வரவில்லை" என்று நாம் குறைபடும் விருந்தினர்களில் சிலர் உண்மையில் ஒரு மணி நேரம் முன்னதாகவோ பின்னதாகவோ வந்து காத்திருந்துவிட்டுப் போனவர்கள். அமெரிக்காவில் கோடைகால நேரம் (கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது) மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பரின் முதல் ஞாயிறு முடிகிறது. ஐரோப்பாவில் மார்ச்சின் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபரின் கடைசி ஞாயிறு முடிகிறது. நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வழக்கமாக 5 மணி நேர வித்தியாசம். ஆனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் அது 4 ஆகிவிடும். சிட்னியில் பருவங்கள் தலைகீழ் என்பதால் நியூயார்க்கிலிருந்து அதன் தூரம் ஆண்டுக்குள் 14, 15, 16 மணி நேரம் என்று மாறும். அமெரிக்காவுக்குள்ளேயே அரிசோனாவின் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. மனக்கணக்கை நம்பினால் ஆண்டுக்கு இரண்டு முறை ஏமாற்றம் உறுதி.

தப்பிக்க வழி எளிது. மண்டலச் சுருக்கெழுத்துகளை எழுதாதீர்கள். "EST", அதாவது அமெரிக்கக் "கிழக்கு நிலை நேரம்", என்று ஜூலை மாதத்தில் எழுதும் பலர் உண்மையில் கிழக்குக் கோடை நேரத்தைத்தான் (EDT) சொல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம். ஊர்ப் பெயரை எழுதுங்கள்: "டொரன்டோ நேரம் மாலை 5 மணி". கிழமையையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் செவ்வாய் இரவு அவருக்குப் புதன் காலையாக இருக்கலாம். நள்ளிரவு 12, நண்பகல் 12 இரண்டையும் தொடக்க நேரமாகக் கொடுப்பதைத் தவிருங்கள், 12.15 என்று வைத்தால்கூடக் குழப்பம் தீராது, 1 மணிக்கு வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நேரம் முடிவானவுடன் காலண்டர் அழைப்பு ஒன்று போக வேண்டும். அழைப்புக்குள் நேரம் மண்டலத்தோடு பதிந்திருப்பதால் அவரவர் கருவி அவரவர் நேரத்தில் காட்டும். பயணத்தில் இருப்பவரிடம் மட்டும் தனியாகக் கேளுங்கள்: "அன்று நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள்?" முன்பதிவுப் பக்கம், அவர் இன்று இருக்கும் இடத்தின் நேரத்தைக் காட்டும், ஒலிப்பதிவு நாளில் அவர் எங்கே இருப்பார் என்று அதற்குத் தெரியாது.

அந்த காலண்டர் அழைப்பை எல்லாம் அடங்கிய ஒரே இடமாக ஆக்குங்கள். இணைய ஒலிப்பதிவு அறையின் இணைப்பு, உங்கள் தொலைபேசி எண், நேரத்தை மாற்றிக்கொள்ளும் இணைப்பு, பேசப்போகும் பொருள் இரண்டு வரி, தேவையான கருவிகள் ஆகியவை அதன் உள்ளேயே இருக்கட்டும். பதிவு தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது யாரும் பழைய மின்னஞ்சலைத் தேடுவதில்லை, நாட்காட்டியைத்தான் திறக்கிறார்கள். தலைப்பிலும் கவனம் தேவை. செயலிகள் பல நேரம் விருந்தினரின் பெயரையே தலைப்பாக வைத்துவிடும். அது உங்களுக்குப் பொருத்தம், ஆனால் அவருடைய நாட்காட்டியில் அவருடைய பெயரே நின்றுகொண்டிருந்தால் என்ன சந்திப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? நிகழ்ச்சியின் பெயர், உங்கள் பெயர், அவர் பெயர் மூன்றும் தலைப்பில் இருக்க வேண்டும்.

முன்பதிவின்போது நிரப்பும் படிவத்தில் பேராசை வேண்டாம். வேலைக்கு மனு போடுவதைப் போல இருபது கேள்வி கேட்கும் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றை நிரப்பத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டவர்கள் நேரத்தையும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். அந்த இடத்தில் கேட்க வேண்டியவை: பெயரை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும், இரண்டு வரியில் தன்னைப் பற்றி, அவசரத்துக்குத் தொலைபேசி எண், தவிர்க்க வேண்டிய பொருள் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்வி மதிப்புமிக்கது. வழக்கில் இருக்கும் விவகாரம், இன்னும் வெளியிடாத ஆய்வு, நிறுவனம் பேச அனுமதிக்காத விஷயம் என்று அங்கே வரும் பதில்கள் ஒலிப்பதிவின் நடுவில் வந்திருந்தால் பெரும் தலைவலி. பெயரின் உச்சரிப்புக்கு, ஒரு குரல் குறிப்பை அனுப்பச் சொல்லுங்கள். புகைப்படம், சமூக ஊடக முகவரி, புத்தக அட்டைப்படம் எல்லாம் நேரம் உறுதியான பிறகு தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

நினைவூட்டல்கள் மூன்று போதும்: ஒரு வாரம் முன்பு, முந்தைய நாள், ஒரு மணி நேரம் முன்பு. முதலாவதும் கடைசியும் இயந்திரம் அனுப்பட்டும். முந்தைய நாளுக்கானதை நீங்களே எழுதுங்கள், இரண்டு வரிதான். "நாளை மாலை 5 மணிக்குச் சந்திக்கிறோம். உங்கள் பழைய உரையை மறுபடி கேட்டேன், திமிங்கலம் பற்றிய பகுதியிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன்." இப்படி வருவதற்கு மனிதர்கள் பதில் போடுகிறார்கள், வர முடியாதவர் அப்போதே சொல்லிவிடுகிறார். இயந்திரக் கடிதத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை, அதைப் படித்தாரா என்றுகூட உங்களுக்குத் தெரியாது.

ஒரு வாரம் முன்பு போகும் கடிதத்தில் கருவி விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ரிவர்சைடு, ஜென்காஸ்டர் போன்ற இணைய ஒலிப்பதிவுத் தளங்கள் ஒவ்வொருவர் குரலையும் அவரவர் கணினியிலேயே பதிந்து பிறகு மேலேற்றுகின்றன. அதனால்தான் இணையம் தடுமாறினாலும் ஒலி கெடுவதில்லை. ஆனால் விருந்தினருக்கு இது தெரியாது. பேச்சு முடிந்ததும் "நன்றி, வருகிறேன்" என்று சாளரத்தை மூடிவிட்டால் அவர் பக்கத்துக் கோப்பு பாதியில் நின்றுவிடக்கூடும். "பதிவேற்றம் முடியும் வரை மூட வேண்டாம்" என்பதை எழுத்திலும் சொல்லுங்கள், பேச்சின் முடிவிலும் சொல்லுங்கள். ஹெட்போன் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் குரல் அவர் மைக்கில் எதிரொலிக்கும். எந்த பிரவுசரில் திறக்க வேண்டும் என்பதையும் அந்தத் தளம் சொல்கிறபடி எழுதிவிடுங்கள். அலுவலகக் கணினியிலிருந்து வருபவர்களுக்கு மைக் அனுமதி முடக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு. சொந்தக் கணினியில் வரச் சொல்வது நல்லது.

முன்னோட்ட உரையாடல், அதாவது பதிவுக்கு முன்பு ஒருமுறை பேசிப் பார்ப்பது, எல்லோருக்கும் வேண்டுமா என்றால், வேண்டாம். பேசிப் பழகியவர்களுக்கு அது வீண் நேரம். தவிர, நல்ல பதிலை அங்கேயே சொல்லித் தீர்த்துவிடுவார்கள். முதல்முறை பேசுபவருக்கும், துயரமான அனுபவத்தைப் பகிரப்போகிறவருக்கும் 15 நிமிடம் ஒதுக்குங்கள்.

வராமல் போகிறவர்கள் பற்றி: ரத்து செய்வதைக் கடினமாக்கினால் ரத்து குறையாது, சொல்லாமல் வராமல் இருப்பதுதான் கூடும். சங்கடப்பட்டு மன்னிப்புக் கடிதம் எழுதுவதைவிட ஒரு பொத்தானை அழுத்துவது எளிது என்றால் மூன்று நாள் முன்பே அழுத்துவார்கள், அந்த நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். ஆகவே மாற்றும் இணைப்பை ஒவ்வொரு கடிதத்திலும் கண்ணில் படும்படி வையுங்கள். ஒருமுறை மாற்றுவது யாருக்கும் நேரும். இரண்டாம் முறை மாற்றினால் மூன்றாவது நேரத்தை நீங்கள் முன்வந்து தராதீர்கள். "உங்களுக்கு வேலை குறையும்போது எழுதுங்கள், இடம் வைத்திருக்கிறேன்" என்று அன்பாகக் கதவைச் சாத்திவிடலாம். அன்றைய நாளில் ஆள் வராவிட்டால் ஐந்தாவது நிமிடம் ஒரு குறுஞ்செய்தி, பத்தாவது நிமிடம் ஓர் அழைப்பு, பதினைந்தாவது நிமிடம் முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

ஆனால் இதெல்லாம் உங்களைப் பதற்றப்படுத்துகிறது என்றால் அதற்குக் காரணம் விருந்தினர் அல்ல, கையிருப்பு இல்லாததுதான். இந்த வாரம் பதிந்ததை இந்த வாரமே வெளியிடும் நிகழ்ச்சியில் ஒருவர் வராவிட்டால் அது விபத்து. வெளியிடத் தயாராக நான்கு எபிசோடு கையில் இருக்கும் நிகழ்ச்சியில் அது ஒரு ஓய்வு மாலை. மற்ற எந்த ஏற்பாட்டையும்விட இதற்குத்தான் முதலில் உழைக்கச் சொல்வேன். ஒரு மாதம் வாரத்துக்கு இரண்டு பதிவு செய்து ஒன்றை மட்டும் வெளியிட்டால் நான்கு சேர்ந்துவிடும். கையிருப்பு வந்ததும் இன்னொரு நன்மை: வெளியீட்டுத் தேதியும் பதிவுத் தேதியும் பிரிந்துவிடுகின்றன. விருந்தினரிடம் வெளியீட்டுத் தேதியை உறுதியாகச் சொல்லாதீர்கள். "ஏறக்குறைய ஆறு வாரத்தில், இரண்டு நாள் முன்பு தெரிவிப்பேன்" என்று சொல்லுங்கள். புத்தகம் வெளிவருகிறது, தேர்தல் வருகிறது என்று தேதியோடு கட்டிய பேச்சுகள் மட்டும் விதிவிலக்கு.

தானாக வந்து "என்னை அழையுங்கள்" என்பவர்கள் தனி வகை. நிகழ்ச்சி கொஞ்சம் வளர்ந்ததும் விளம்பர நிறுவனங்களிலிருந்து கடிதங்கள் கொட்டும். அவர்களிடம் முன்பதிவு இணைப்பு ஒருபோதும் போகக் கூடாது. தனிப் படிவம் ஒன்று வைத்து, "எங்கள் எந்த எபிசோடைக் கேட்டீர்கள், அதில் எதை மறுக்கவோ நீட்டிக்கவோ விரும்புகிறீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கூட்டம் தானாகக் கலையும். நீங்களே விருந்தினரைத் தேடுகிறீர்கள் என்றால் பாட்மேட்ச் போன்ற தளங்கள் இருக்கின்றன. ஆனால் சென்ற விருந்தினரிடம் "அடுத்து யாரைக் கேட்கலாம்?" என்று விசாரிப்பதில் கிடைக்கும் தரம் அங்கே கிடைப்பது அபூர்வம்.

இத்தனையையும் நினைவில் வைக்க ஒரு விரிதாள் (ஸ்பிரெட்ஷீட்) போதும். நோஷன், ஏர்டேபிள் என்று அழகான கருவிகள் உண்டு; அழகுபடுத்துவதிலேயே மாலைகள் கழிந்துவிடும் என்பதுதான் அவற்றிடம் எனக்குள்ள புகார். ஒருவருக்கு ஒரு வரி. பெயர், பொருள், நிலை, அடுத்த வேலை யாருடையது, எந்தத் தேதிக்குள் என்று ஐந்து நெடுவரிசை. நான்காவது நெடுவரிசைதான் உயிர். அங்கே "நான்" என்று இருக்கும் வரிகளை மட்டும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து முடித்துவிடுங்கள். "அவர்" என்று இருப்பவற்றில் தேதி தாண்டியவற்றுக்கு நினைவூட்டல் போகட்டும். விருந்தினரின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் அந்தத் தாளில் காலமெல்லாம் வைத்திருக்காதீர்கள். எபிசோடு வெளியானதும் அழித்துவிடுங்கள்.

ஒப்புதல் கடிதத்தை மறக்க வேண்டாம். பதிவை வெளியிடவும், வெட்டித் தொகுக்கவும், சிறு துண்டுகளாகப் பகிரவும் சம்மதம் என்று நான்கு வரி. இதைப் பதிவுக்குப் பிறகு கேட்பது தர்மசங்கடம். முன்பதிவுப் படிவத்திலேயே தேர்வுக் கட்டமாக வைத்துவிட்டால் தனியாக ஒரு கடிதம் மிச்சம்.

இப்போது செயலி. வாரம் ஓர் எபிசோடுக்கு மேலே சொன்ன மூன்றில் எதை எடுத்தாலும் குறையில்லை. கூகுள் காலண்டரில் ஏற்கெனவே வாழ்பவர் அதிலேயே தொடங்கலாம், புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. நினைவூட்டல்களை விரிவாக அமைக்க வேண்டும், முன்னோட்ட உரையாடலுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும் என்றால் கேலண்ட்லி. கேல்.காம், மூல நிரல் எல்லோருக்கும் திறந்த நிலையில் தொடங்கி வளர்ந்தது; மென்பொருளைத் தன் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள விரும்புபவர், அதற்கான பதிப்பு இப்போது கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இலவசத் திட்டங்களில் பக்கங்களின் எண்ணிக்கைக்கும் நினைவூட்டல்களுக்கும் வரம்பு இருக்கக்கூடும் என்பதால், பணம் கட்டும் முன் உங்களுக்கு உண்மையில் எத்தனை பக்கம் தேவை என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு செயலியில் உள்ள தகவலை இன்னொன்றுக்குத் தானாகக் கொண்டுபோகும் ஜேப்பியர் போன்ற கருவிகளைப் பற்றி, சில விருந்தினர்களைக் கையாலேயே நடத்திப் பார்த்த பிறகு யோசியுங்கள். எந்தப் படி திரும்பத் திரும்ப வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், இணைப்பை வெளியே அனுப்பும் முன் வேறொரு மின்னஞ்சல் முகவரியில் நீங்களே விருந்தினராகப் பதிவு செய்து பாருங்கள். கணினியில் அல்ல, கைபேசியில். நேர மண்டலத்தை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டு. வந்த அழைப்பில் தலைப்பு சரியா, ஒலிப்பதிவு இணைப்பு திறக்கிறதா, உறுதிக் கடிதம் ஸ்பாமில் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு அதே பதிவை ஒருமுறை வேறு நாளுக்கு மாற்றி, கடைசியில் ரத்தும் செய்து பாருங்கள்.